நல்லவர்கள் மாற்றிவைத்த பிள்ளை

என் மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது, அவளை ஓர் ஆற்றங்கரையில் வேண்டுமென்றே தனியாக நிறுத்திவிட்டு நடந்தேன். தொலைத்துவிடவில்லை. கவனப் பிசகும் அல்ல. இடம் பார்த்து, நேரம் பார்த்து நிறுத்தினேன்.

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரை வாசித்துவருபவர்கள் என்னைச் சாதுவான ஒரு நூலகராக நினைத்திருப்பீர்கள். பாளையங்கோட்டையில் கல்லூரி, மதுரையில் எம்.ஏ., பிறகு அமெரிக்கா, புத்தக அலமாரிகள் என்றே எழுதிக்கொண்டு வந்தேன். பனியில் கார் சறுக்கிய கதையை இரண்டு வாரம் நீட்டினேன். இந்த அத்தியாயத்தைத் தள்ளிப்போடத்தான் நீட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நியூ ஜெர்சி மாநிலத்துப் பிஸ்கட்டவேயில் எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து பத்து நிமிடம் காரில் போனால் ராரிட்டன் ஆற்றை ஒட்டி ஒரு பூங்கா. மரங்கள் பாதி இலையை உதிர்த்திருந்தன. ஈர இலையும் ஆற்றுச் சேறும் கலந்த வாடை. சாரு மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கையில் எப்போதும்போல ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூன். அதைத் தூக்கத்தில்கூட விடமாட்டாள்.

புல்தரை முடிந்து ஆற்றுச் சரிவு தொடங்கும் இடத்தில் அவளை நிறுத்தினேன். “ஸ்டே ஹியர், சாரு” என்றேன். அப்போது எங்கள் வீட்டில் தமிழ் கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி நடந்தேன். நாற்பது அடி தள்ளி, பட்டை உரிந்து வெள்ளை வெள்ளையாக நின்ற ஒரு சைக்கமோர் மரத்தின் பின்னால் போய் நின்றேன்.

அத்தையின் பாக்குவெட்டி

இது எங்கே தொடங்கியது என்று யோசித்தால் சாரு பிறந்த நாட்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

விசாலம் என் மனைவி; என் அத்தை மகள். பிரசவம் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்த அவள் அம்மா, எனக்கு மாமியார் ஆவதற்கு முன்பே அத்தை. ஆறு மாத விசாவில் வந்தவர், இட்லித் தட்டுக்கும் ஊறுகாய்க்கும் நடுவே ஒரு பாக்குவெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு வெற்றிலை பாக்குப் பழக்கமே கிடையாது.

குழந்தையின் மெத்தைக்கு அடியில் அதை நான்தான் கண்டுபிடித்தேன்.

“என்ன அத்தை இது? பிள்ளைக்கு அடியில இரும்பை வச்சிருக்கீங்க?”

“பச்சப் புள்ளைக்கு இரும்புதான்யா காவல். அது பாட்டுக்குக் கிடக்கு. உன்னையவா உறுத்துது?”

“இது அமெரிக்கா அத்தை. சோஷியல் வொர்க்கர் பார்த்தா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவான்.”

“அவன் தூக்கிட்டுப் போயிருவான்னு இரும்பை எடுக்கே. வேற ஏதும் தூக்கிட்டுப் போனா பரவால்லியா?”

நான் சிரித்தேன். பாக்குவெட்டியை எடுத்துச் சமையலறை இழுப்பறையில் போட்டேன். அத்தை அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்றரை வயதில் சாருவிடம் பதினோரு வார்த்தைகள் இருந்தன. விசாலம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். அம்மா, அப்பா, பால், பூ, தா, காக்கா, கார்... இரண்டரை வயதுக்குள் பதினொன்றும் போய்விட்டன. ஒரே நாளில் அல்ல. கோடையில் தெருக்குழாய் நிற்கிற மாதிரி. முதலில் மெலிந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது, பிறகு இல்லை. கடைசியாகப் போனது “அப்பா.”

கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தூக்கினால் உடம்பை வில்லாக வளைப்பாள். மணிக்கணக்கில் ஸ்பூனின் முதுகில் தெரியும் வெளிச்சத்தையே பார்ப்பாள். டாக்டர் ஆட்டிசம் என்றார். “நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா?” என்றும் கேட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவர் சொல்லவில்லை. நானும் விசாலமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காருக்கு வந்தோம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி, இரண்டு மொழி கேட்டுக் குழந்தை குழம்பியிருக்கிறது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் போதும் என்றார். அந்தக் காலத்தில் நிறையப் பேருக்கு அப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் அன்றே தமிழை நிறுத்தினோம்.

“எனக்கு லேப் இங்கிலீஷ்தான் அத்தான் தெரியும்” என்றாள் விசாலம். ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. “ப்ளீஸ் லேபிள் த சாம்பிள்னு பிள்ளைகிட்டச் சொல்லவா?”

அவளுக்கு ஆங்கிலத்தில் கொஞ்சத் தெரியாது. எனக்கு ஆங்கிலத்தில் கோபப்படத் தெரியாது. இரண்டே மாதத்தில் வீட்டில் மூன்று பேருமே பேசாமலிருந்தோம்.

அத்தை தபாலில் ஒரு தாயத்து அனுப்பினார். ஏதோ கோயிலில் மந்திரித்தது. எம்.ஏ. படித்தவன் அல்லவா, உறையோடு குப்பையில் போட்டேன்.

நிலவறையில் பதினான்கு பெட்டிகள்

அந்த வருடம் நான் வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் பதினான்கு அட்டைப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. மறைந்துபோன ஒரு பேராசிரியர், இளம் வயதில் அயர்லாந்தின் மேற்குக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த பேய்க் கதைகள். எல்லாம் டைப் அடித்த தாள்கள். ஒவ்வொன்றையும் வாசித்து, எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று முடிவு செய்து எண் போடுவது என் வேலை.

நிலவறையில் எனக்கு எதிர் மேசை நோராவுடையது. கிழிந்த பக்கங்களை ஒட்டித் தைத்துச் சரிசெய்பவர். அறுபதை நெருங்கியவர், பத்தொன்பது வயதில் அயர்லாந்திலிருந்து வந்தவர். அவர் பேசியது ஆங்கிலம்தான். நினைவில் அது நம் பேச்சாகவே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

எனக்குப் புரியாத பெயர்களையெல்லாம் அவரிடம் கேட்பேன். பான்ஷி என்பவள் நரைத்த தலையை விரித்துப்போட்டு அழும் பெண். சில குடும்பங்களுக்கு மட்டும் உரியவள். அந்த வீட்டில் சாவு வருவதற்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே அழுவாள். வழியில் சீப்பு கிடந்தால் எடுக்கக்கூடாது, அது அவளுடையதாக இருக்கும். நூலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் சீப்பை நோரா சுற்றிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

“அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கே வருவாளா அவள்?” என்று கேட்டேன்.

“உன்னை மாதிரி கிரீன் கார்டுக்குக் காத்துக்கிடக்கணுமா என்ன? அவ பாட்டுக்கு வருவா.”

பூக்கா என்று ஒன்று; கறுப்புக் குதிரையாக வந்து குடிகாரர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடி, விடியும்போது சாக்கடையில் தள்ளிவிடும். தன் தலையைத் தானே இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரும் குதிரைவீரன் ஒருவன். மனிதனைக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகள் பெற்று, ஒரு நாள் கடலுக்கே திரும்பிப் போய்விடும் பெண்கள்.

இவர்களைவிடப் பயங்கரமானவர்களுக்குப் பெயரே இல்லை. மேட்டு நிலங்களிலும் தனித்து நிற்கும் முள்மரங்களின் அடியிலும் வாழ்பவர்கள். அவர்களைப் பெயர் சொல்லி யாரும் பேசமாட்டார்கள். “நல்லவர்கள்” என்றுதான் சொல்வார்கள். நாம் நாகத்தை நல்ல பாம்பு என்கிறோமே, அந்த மாதிரி.

நல்லவர்கள் செய்யும் காரியம் ஒன்று. தொட்டிலில் இருக்கும் மனிதப் பிள்ளையை எடுத்துக்கொண்டு, அதே முகத்தோடு தங்களில் ஒன்றைக் கிடத்திவிட்டுப் போய்விடுவார்கள். நேற்றுவரை சிரித்துப் பேசிய பிள்ளை, இன்று பேசாது. கூப்பிட்டால் திரும்பாது. தொட்டால் வளைந்து கத்தும். ஏதாவது ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தத் தாளை நான் மூன்று முறை வாசித்தேன்.

அடுத்த தாள் காவல் பற்றியது. தொட்டிலின் குறுக்கே அடுப்பு இடுக்கியைப் போட்டு வைத்தால் அவர்கள் நெருங்கமாட்டார்கள். அவர்களுக்கு இரும்பு ஆகாது. அந்தத் தாளில் கதை சொன்ன பெண்ணின் வீட்டில் யாரோ ஒரு நாள் அவசரத்துக்கு இடுக்கியை எடுத்துவிட்டார்களாம்.

சமையலறை இழுப்பறையில் பாக்குவெட்டி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இங்கே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தை சொன்னபோது அது மூடநம்பிக்கை. அதையே ஆங்கிலத்தில் டைப் அடித்து, எண் போட்டு, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தபோது எனக்கு அது ஆவணம். தாயத்தைக் குப்பையில் போட்ட கை, அந்தத் தாள்களை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

நம்பினேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் அன்றைக்கும் சொல்லியிருப்பேன். ஆனால் டாக்டர் சொன்னதில் பழைய சாரு எங்கேயும் இல்லை. இவள்தான் சாரு, எப்போதும் இவள்தான் என்றார் அவர். அந்தத் தாள்களில் என் பதினோரு வார்த்தைப் பெண் எங்கோ பத்திரமாக இருந்தாள். திரும்பி வரவும் வழி இருந்தது.

முட்டை ஓடு

வந்திருப்பது வேறு பிள்ளையா என்று கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு சோதனை இருந்தது. அதன் கண்ணெதிரில் முட்டை ஓட்டில் சமைக்க வேண்டும். பல நூறு வயதான அந்த ஜீவன், தன் வாழ்நாளில் இப்படி ஒரு சமையலைப் பார்த்ததில்லை என்பதால் தன்னை மறந்து பேசிவிடும், அல்லது சிரித்துவிடும். அத்தோடு குட்டு வெளிப்பட்டுவிடும்.

எங்கள் வீடு சைவம். முட்டை வாசலைத் தாண்டியதில்லை. விசாலம் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் ஆறு முட்டை வாங்கி வந்தேன். உடைத்து ஸிங்க்கில் ஊற்றிவிட்டு, ஓடுகளைக் கழுவி, ஒரு வாணலியில் மணல்போல உப்பைப் பரப்பி நிறுத்தினேன். ஒவ்வொரு ஓட்டிலும் கொஞ்சம் தண்ணீர், நாலு அரிசி. அடுப்பைப் பற்றவைத்து, சாருவை நாற்காலியில் ஏற்றி நிறுத்தினேன்.

தண்ணீர் கொதித்தது. ஓடுகள் ஒன்றையொன்று இடித்து டிக் டிக்கென்று ஆடின. ஓர் அரிசி துள்ளி வெளியே விழுந்தது.

சாரு சிரித்தாள்.

ஒரு வருடத்துக்கு மேல் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. ஸ்பூனை ஆட்டிக்கொண்டு, என்னையும் வாணலியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். ஆம், என்னைப் பார்த்தாள்.

எந்தத் தகப்பனும் அந்த நேரத்தில் கூடச் சிரித்திருப்பான். எனக்குத் தாளில் இருந்த வரிதான் நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைத்தேன். ஓடுகளை நொறுக்கி, மூன்று பைகளில் சுற்றி வெளியே போட்டேன். அன்று முழுக்க அவள் பக்கத்தில் போகவில்லை.

மரத்தின் பின்னால்

மாற்றிக்கொள்ளும் முறையும் தாளில் இருந்தது. நிலமும் நீரும் சேரும் எல்லையில் பிள்ளையை நிறுத்திவிட்டு வர வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. அது அழுது கூப்பிடும், கேட்கக்கூடாது. மூன்று முறை ஒன்பது வரைக்கும், மெதுவாக, மூச்சுவிட்டு எண்ண வேண்டும். அதற்குள் நல்லவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொண்டு நம்முடையதை விட்டுப்போவார்கள்.

அந்தச் சனிக்கிழமை விசாலம் கோயிலுக்குப் போயிருந்தாள். சாருவுக்காகத்தான்.

மரத்துக்குப் பின்னால் நின்றபோது முதலில் காது கொடுத்துக் கேட்டேன். அவள் கூப்பிட்டால் போதும், அவளிடம் ஓடிவிடலாம் என்று ஒரு மனது. சத்தமே இல்லை. பிறகு, எதையும் முறைப்படி செய்தே பழகிய நான், நெற்றியை மரத்தில் முட்டி, கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. என் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது.

இருபத்தேழு எண்ணி முடித்துத் திரும்பினேன். நிறுத்திய இடத்தில் அவள் இல்லை.

என் குதிகாலுக்குப் பின்னால் அவளுடைய ஸ்பூன் கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். யோசிக்கவில்லை. வரும்போது விழுந்திருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

சரிவின் கீழே, தண்ணீருக்குள் நாலு அடி தள்ளி, தூண்டில் போட வந்த ஒரு முதியவர் அவளைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் பேண்ட் தொடைவரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை விட்டிருக்கலாம்.

யாரோ கூப்பிட்டு போலீஸ் வந்தது. “ரெஸ்ட்ரூம் போனேன், இரண்டு நிமிஷம்தான்” என்றேன். வீட்டில் விசாலத்திடமும் அதையே சொன்னேன். அவள் பிரசாத விபூதியைச் சாருவின் நெற்றியில் பூசிக்கொண்டே, “நல்ல வேளை அத்தான், நீங்க பக்கத்துல இருந்தீங்க” என்று தன் லேப் இங்கிலீஷில் சொன்னாள்.

காரில் ஸ்பூனை நீட்டினேன். சாரு தட்டிவிட்டாள். அதன்பிறகு அதைத் தொடவே இல்லை. பதிலாக என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடும்போதும், டி.வி. பார்க்கும்போதும் விடவில்லை; நான் பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே நின்று காத்திருந்தாள். ஸ்பூன் என் குளிர்கோட்டின் உள்பையிலேயே தங்கிவிட்டது.

கதை இல்லாத பிள்ளை

இரண்டு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு நாள் மதியம், நிலவறையில், நோராவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் கையில் இருந்த பசைத் தூரிகை காய்ந்துபோனது.

“பதினாலு பெட்டி படிச்சே. அதுல இதுதானா உனக்குக் கிடைச்சுது?”

“அவள் சிரித்தாளே” என்றேன்.

“முட்டை ஓட்டுல சோறு வச்சா யார்தான் சிரிக்க மாட்டாங்க, சங்கர்? பிள்ளை சிரிச்சுது. வேடிக்கையா இருந்துது, சிரிச்சுது.”

பிறகு அவர் தன் தாய்மாமனைப் பற்றிச் சொன்னார். பெயர் மைக்கேல். மூன்று வயதுக்கு மேல் பேச்சு நின்றுபோன பிள்ளை. ஊரே நோராவின் பாட்டியிடம், இது உன் பிள்ளை இல்லை, வயல் எல்லையில் கொண்டுபோய் விடு என்றது. ஒரு நாள் அவர் கொண்டுபோகவும் செய்தாராம். ஆனால் விட்டுவிட்டு வரவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கூடவே நின்றார். பிறகு இருவரும் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தார்கள். மைக்கேல் நாற்பத்தோரு வயதுவரை இருந்தார். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பார். பேசியதே இல்லை.

“அது எந்தப் பெட்டியில் இருக்கிறது?” என்று கேட்டேன். நூலகர் புத்தி.

“எந்தப் பெட்டியிலயும் இல்லை. கதை கேட்டு வந்தவங்ககிட்டப் பாட்டி என்னத்தைச் சொல்லுவா? என் பிள்ளை, வளர்த்தேன்னா? அது ஒரு கதையா?” தூரிகையைத் தண்ணீரில் போட்டார். “என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? பிள்ளையோட அம்மாகிட்டச் சொல்லு.”

அன்று மாலையே நோரா சொன்னதை ஒரு தாளில் டைப் அடித்தேன். அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கி, பதினான்காவது பெட்டியில் கடைசித் தாளாக வைத்து எண் போட்டேன். இரண்டாவது காரியத்துக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது.

விசாலம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். டிரையரிலிருந்து எடுத்த துணி சோபாவில் குவிந்திருந்தது. வெதுவெதுப்பான சோப்பு வாசனை. விசாலம் மடித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, தமிழில் சொன்னேன். பாக்குவெட்டி, முட்டை, எல்லை, எண்ணிக்கை, காதைப் பொத்தியது, போலீஸிடம் சொன்ன பொய். எதையும் விடவில்லை.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. சாருவின் ஒரு ஜோடி சாக்ஸைச் சேர்த்து உருட்டினாள்.

“என்ன சொல்லுதிய அத்தான்? ஆத்துல விட்டியளா?”

“கரையில...”

“எங்க அம்மா தாயத்து அனுப்புனா. அதைக் குப்பையில போட்டிய. படிச்சவிய, சரின்னு இருந்தேன். எங்க அம்மா அதைப் பிள்ளை கழுத்துல கட்டத்தான் சொன்னா. பிள்ளையைக் கொண்டுபோய் விடச் சொல்லல.”

பிறகு எழுந்துபோய்ச் சாருவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஏட்டி சாரு, எம்மா, சாப்பிடுதியா?” என்றாள் தமிழில். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆங்கிலம் போனது.

அன்றே அவள் படுக்கை சாருவின் அறைக்கு மாறியது. வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டாள். ஐந்து வருடத்துக்கு மேல், ஒரு நிமிடம்கூட என்னையும் சாருவையும் தனியாக விடவில்லை. கீழே தபால்பெட்டிக்குப் போனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள். நண்பர்கள் வீட்டில், “ஏன் விசாலம், சங்கர்தான் இருக்காரே, விட்டுட்டு வாயேன்” என்பார்கள். “இருக்கட்டும்” என்பாள். என்னைக் காட்டிக்கொடுத்ததே இல்லை. காப்பியை நேரத்துக்கு மேசையில் வைப்பாள். என் கையில் கொடுக்கமாட்டாள்.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். தினமும் மாலையில், விசாலம் கேட்கும் தூரத்தில், சாரு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவளிடம் தமிழில் பேசினேன். அன்று என்ன புத்தகம் வந்தது, வழியில் என்ன பார்த்தேன் என்று சொல்வேன். முடிவில், “அப்பா அன்னைக்கு உன்னை விட்டுட்டுப் போனது தப்பும்மா” என்பேன். அவள் என் தோளுக்குச் சற்றுத் தள்ளி எதையோ பார்ப்பாள். புரிந்ததா என்று தெரியாது. ஒரு வார்த்தையும் திரும்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஸ்பூன்

சாருவுக்குப் பதினொரு வயதானபோது, ஓர் அக்டோபர் சனிக்கிழமை. விசாலம் ஷூ மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “லேபுக்கு வரச் சொல்லுதாங்க. மத்தியானம் வந்துருவேன். பிள்ளையைப் பார்த்துக்கோங்க.”

கதவு சாத்திய பிறகும் வெகுநேரம் நான் அங்கேயே நின்றேன்.

பிறகு சாருவைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போனேன். அங்கே வைத்து ஒருமுறை சொல்ல வேண்டும் என்று பல காலமாக இருந்தது. புல்தரை முடியும் அதே இடம். அதே ஈர இலை வாடை. அவள் என் தோள் உயரம் வந்திருந்தாள். கோட்டின் நுனி அவள் கையில்.

“இங்கதாம்மா. இங்க நிக்க வச்சுட்டு, அப்பா அந்த மரத்துக்குப் பின்னால...”

அவள் என் கோட்டை விட்டாள்.

விட்டுவிட்டு, நேராகச் சைக்கமோர் மரத்தை நோக்கி நடந்தாள். அதைச் சுற்றிப் பின்னால் போனாள். நான் ஓடினேன்.

நெற்றியை மரத்தில் முட்டி நின்றாள். கண் மூடியிருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் காதுகளைப் பொத்தியிருந்தன.

நான் அப்படி நின்றதை மரத்தைச் சுற்றி வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவளிடம் நான் மன்னிப்புத்தான் கேட்டிருந்தேன். எப்படி நின்றேன் என்று சொன்னதில்லை. விசாலத்திடம் சொன்னபோதும் வார்த்தையால் சொன்னேன், நின்று காட்டவில்லை.

அப்போதுதான் என் குதிகாலுக்குப் பின்னால் கிடந்த ஸ்பூன் புரிந்தது. அவள் என்னைத் தேடி வந்திருக்கிறாள். ஐந்து வயதுக் கால்களால் நாற்பது அடி நடந்து, மரத்தைச் சுற்றி, எனக்கு ஒரு சாண் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தன்னிடம் இருந்த ஒரே பொருளை என் காலடியில் வைத்துவிட்டு ஆற்றுக்குப் போயிருக்கிறாள்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அவள்தான் காதைப் பொத்தியிருந்தாளே. கோட்டின் உள்பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன். குனிந்து அவள் குதிகாலுக்குப் பின்னால் வைத்தேன். வைத்துவிட்டு, போகாமல், அங்கேயே நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எண்ணவில்லை. ஆற்றில் யாரோ துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் அவள் கைகள் இறங்கின. திரும்பினாள், குனிந்தாள், ஸ்பூனை எடுத்தாள். வழக்கம்போல என் தோளுக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தாள். பிறகு காரை நோக்கி நடந்தாள். என் கோட்டைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் பிடித்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம் விசாலம் வந்ததும் சொன்னேன். ஷூவைக் கழற்றாமலே நின்று கேட்டாள்.

“காதையுமா பொத்திக்கிட்டா?”

“ஆமா.”

“பின்னால வந்து நின்னுருக்கா.”

“ஆமா.”

விசாலம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பல வருடங்களுக்குப் பிறகு என் கையைப் பிடித்தாள். அழுத்தம் இல்லை, பிடித்தாள், அவ்வளவுதான்.

“அப்படின்னா கூப்பிட்டிருப்பா அத்தான்” என்றாள். “அவ்வளவு தூரம் வந்தவ, கூப்பிட்டிருப்பா.”

உள்ளே சாரு ஸ்பூனால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். பசி வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போனோம்.